பழுதுபார்க்கும் ஊழியம்

(நமது ஆஸ்பத்திரியின் ஸ்தோத்திரப் பண்டிகையில், மலைக்குப் போகும் மருத்துவ வண்டியையும் அதன் டிரெய்லரையும் பழுதுபார்த்து மறுபடியும் ஊழியத்துக்கு அனுப்பிய ஆராதனையின்போது ஆஸ்பத்திரிப் போதகர் பேசியது. நண்பர்கள் பலர் கேட்டுக்கொண்டபடி இங்கே வெளியிடுகிறோம்.)



உள்ளே வரும்போது வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். புது வண்டி என்று எண்ணிச் சிலர் என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார்கள். ஒரு அம்மா, "இந்தத் தடவை யார் ஐயா வாங்கிக் கொடுத்தது?" என்று கேட்டார்கள். புது வண்டி அல்ல அம்மா. 2009-ஆம் வருஷத்திலிருந்து மலைக்குப் போய்வருகிற அதே வண்டிதான். பின்னால் கட்டியிருக்கும் இரட்டைச் சக்கர டிரெய்லர் அதைவிட மூத்தது. இரண்டையும் இரண்டு மாதம் பிரித்துப் போட்டு, பழுதானதை மாற்றி, மறுபடியும் பூட்டியிருக்கிறோம். பிரதிஷ்டை ஆராதனைக்கு ரிப்பன் எங்கே என்று ஒருவர் தேடினார். ரிப்பன் வாங்கவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு டப்பா கிரீஸ் வாங்கினோம்.

வேத பாடமாக 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தை வாசிக்கக் கேட்டோம். யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கும்படி ஆசாரியர்களுக்குச் சொல்லுகிறான். காணிக்கைப் பணம் வந்துகொண்டேயிருக்கிறது. ஆனால் ராஜாவின் 23-ஆம் வருஷம் வரைக்கும் ஒரு பழுதும் பார்க்கப்படவில்லை. ஆசாரியர்கள் திருடினார்கள் என்று வேதம் சொல்லவில்லை. வேலை நடக்கவில்லை என்று மட்டும் சொல்லுகிறது. நானும் குருத்துவ ஊழியத்தில் இருப்பவன், அந்த ஆசாரியர்களின் கமிட்டிக் கூட்டம் எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று 23 வருஷமும் தீர்மானம் எழுதியிருப்பார்கள்.

பிறகு யோய்தா என்ற ஆசாரியன் ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியிலே ஒரு துவாரம் போட்டு, பலிபீடத்தின் பக்கத்தில் வைத்தான். அந்தப் பணம் நேரே தச்சருக்கும், கொத்தருக்கும், கல்தச்சருக்கும், மரத்துக்கும் கல்லுக்கும் போயிற்று. அதிலிருந்து வெள்ளிக் கிண்ணமோ பூரிகையோ பண்ணவில்லை என்பதையும் வேதம் தனியாக எழுதிவைக்கிறது. அந்த வசனத்தை நான் செமினரியில் படித்த நாளில் கவனிக்கவேயில்லை. கிண்ணம் பண்ணக்கூடாது என்று ஏன் சொல்லவேண்டும்? கிண்ணத்தின்மேல் பெயர் பொறிக்கலாம், சுவரின் வெடிப்புக்குள் வைத்த கல்லில் பெயர் பொறிக்க முடியாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பேராசிரியர் அல்ல, ஒரு டிரெய்லர் சக்கரம்.

அதைச் சொல்லுவதற்கு முன்னால், மலை வழியில் ஒரு வண்டி என்ன பாடுபடுகிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். உங்களில் அநேகர் தார்ச்சாலை வரைக்கும்தான் வந்திருக்கிறீர்கள்.

நம்முடைய வண்டி லாரியின் சேஸிஸ்மேல் ஒரு அறையை ஏற்றி வைத்தது. அறைக்குள்ளே பரிசோதனைக் கட்டில், மருந்து அலமாரி, கைகழுவும் தொட்டி, தண்ணீர் டாங்க், தடுப்பூசி வைக்கும் பெட்டி எல்லாம் உண்டு. வெளிநாட்டில் மக்கள் உல்லாசப் பயணத்துக்கு இப்படி லாரியின்மேல் வீடு கட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். கேம்ப்பர் என்று பெயர். வேலை வேறு, வியாதிகள் ஒன்றுதான். சேஸிஸ் என்பது இரும்பு ஏணி மாதிரி. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி, எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அந்த ஏணி முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொள்ளத்தான் வேண்டும், அப்போதுதான் நாலு சக்கரமும் தரையைத் தொடும். ஆனால் மேலே இருக்கிற அறை ஒரு பெட்டி. பெட்டிக்கு முறுக்கிக்கொள்ளத் தெரியாது. ஆகையால் இரண்டுக்கும் நடுவே ரப்பர் திண்டுகளும் ஸ்பிரிங் போல்ட்டுகளும் வைத்து, அடி ஆடினாலும் மேல் ஆடாதபடி கட்டுவார்கள். கரூரிலே பஸ் பாடி கட்டுகிறவர்களும், நாமக்கல்லிலே லாரி பாடி கட்டுகிறவர்களும் இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ரப்பர் திண்டு நைந்துபோன இடத்திலே, நல்ல உறுதியாக இருக்கட்டும் என்று இரும்புத் தகட்டை வைத்து இறுக்கிவிட்டோம். உறுதிதான். ஆறு மாதத்தில் கதவின் மேல்மூலையிலிருந்து கூரை வரைக்கும் தகடு கிழிந்தது. கிழிந்த இடத்தை வெல்டிங் வைத்தோம். அதற்குப் பக்கத்தில் கிழிந்தது. மெக்கானிக் பாய் வந்து வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, மேலே கிழியறதை மேலே ஒட்டுறீங்க. வியாதி கீழே இருக்கு" என்றார். தகட்டை எடுத்துவிட்டு ரப்பர் போட்டபிறகு கிழியவேயில்லை. மருத்துவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவர்கள் தினமும் சொல்லுவதும் அதுதானே.

இனி அந்தச் சக்கரத்தைப்பற்றிச் சொல்லுகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகியும் இதைப் பொதுவில் நான் பேசினதில்லை. கமிட்டியின் அனுமதி பெற்றுத்தான் பேசுகிறேன்.

2012 ஜூன் மாதக் கமிட்டியிலே நம்முடைய டிரைவர் அண்ணன் ஒரு தாள் கொடுத்தார். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்ளுவார். டிரெய்லரின் இரண்டு சக்கரத்துக்கும் பேரிங், ஆயில் சீல், கிரீஸ், கமான் பட்டைக்கு யூ போல்ட். மொத்தம் ஏழாயிரம் ரூபாய்க்கும் குறைவு. அதே கூட்டத்தில் வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்து, நன்கொடை கொடுத்த ஒரு குடும்பத்தின் பெயரைக் கதவில் எழுதும் காரியமும் வந்தது. அந்தக் குடும்பத்தார் கேட்கவில்லை. நாங்களாகத்தான் செய்ய நினைத்தோம், பண்டிகைக்கு அவர்கள் வருகிறார்கள் என்று. இருந்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். "டிரெய்லர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று ஒருவர் சொன்னார். அந்த ஒருவர் நான். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதினதும் நான்தான். இன்றைக்கும் அந்தப் பக்கம் இருக்கிறது, என் கையெழுத்து அழகாகவே இருக்கிறது.

அந்த வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி நீலம் புயல் மகாபலிபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அடுத்த புதன்கிழமை நாங்கள் மலைக்குப் புறப்பட்டோம். ஓடைகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு இடத்தில் இறங்கி ஏறினோம். மூன்றாவது ஓடைக்கு அப்பால் டிரைவர் அண்ணன் நிறுத்திக் கீழே இறங்கி, இடதுபக்க ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "சுடுது ஐயா" என்றார். "மெதுவாகப் போவோம்" என்று நான் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தார்.

மேலே இரண்டு கிலோமீட்டர் போனபிறகு அந்தச் சக்கரம் அச்சோடு இறுகிக்கொண்டது. ஒரு திருப்பத்தில் ஹப் உடைந்து சக்கரம் கழன்று பள்ளத்தில் உருண்டது. டிரெய்லர் ஒருபக்கமாய்ச் சாய்ந்து வழியை மறித்துக்கொண்டது. ஒருபுறம் பாறை, மறுபுறம் சரிவு. ஜெனரேட்டரும் தண்ணீர் டாங்கும் சாமானும் ஏற்றின பாரம் கொக்கியின்மேல் சாய்ந்திருந்ததால், இணைப்புப் பின்னை உருவ முடியவில்லை. சம்மட்டியால் அடித்தும் வரவில்லை.

சுமார் அரைமணி நேரத்துக்குப்பின் மேலேயிருந்து ஒரு ஜீப் வந்தது. உள்ளே ஒரு பிரசவப் பெண். முந்தின நாள் இரவிலிருந்து வலி. குழந்தை குறுக்கே கிடந்தது. நம்முடைய நர்ஸ் அக்கா பார்த்துவிட்டு, ஆபரேஷன் இல்லாமல் ஆகாது, உடனே கீழே போகவேண்டும் என்றார்கள். ஜீப் எங்களைத் தாண்டிப் போக வழியில்லை. அந்த இடத்தில் போன் சிக்னலும் இல்லை. வண்டியிலிருந்த கட்டிலைக் கழற்றி, அதில் அந்தப் பெண்ணைக் கிடத்தி, அவள் புருஷனும் ஊரார் மூன்றுபேரும் தூக்க, சரிவு வழியாக எங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு, மழையிலே அடிவாரம் வரைக்கும் நடந்தார்கள். நானும் ஒரு காலைப் பிடித்தேன். ஐம்பது வயதுக்குப் பிறகு நான் தூக்கின மிகப் பெரிய பாரம் அதுதான். அடிவாரத்தில் ஒரு காய்கறி வேன் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர மூன்று மணிநேரத்துக்குமேல் ஆயிற்று.

தாய் பிழைத்தாள். ஆண் குழந்தை. பிழைக்கவில்லை.

சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். "சொல்ல முடியாது, ஐயா" என்றார்கள். அது உண்மையான பதில். நான் அதை எனக்குச் சாதகமாகவும் வைத்துக்கொள்ளவில்லை, என்னை அடித்துக்கொள்ளவும் உபயோகிக்கவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் வார்டுக்கு ஜெபிக்கப் போனேன். என்ன சொல்லி ஜெபிப்பது என்று தெரியாமல் கட்டிலருகே நின்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "உங்க வண்டி சரியாயிடுச்சா, சாமி?" என்று கேட்டாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுடைய மாமியாருக்கு வலிப்பு மாத்திரை அந்த வண்டியில்தான் போகவேண்டும். அடுத்த புதன்கிழமை வருமா என்பதுதான் அவளுடைய கவலை.

பிரியமானவர்களே, வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாய் வரக்கூடும் என்று நம் மருத்துவர்கள் மறுபடி மறுபடி சொல்லுகிறார்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதம் ஒருமுறை மாத்திரை கொடுக்கிறோம். நாம் சொன்ன நாளில் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேருவதே பாதி மருந்து. வேலூரிலே டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ஆம் வருஷம் ஒரு பெஜோ மோட்டார் காரில் குடியாத்தம் சாலையிலே வைத்தியத்துக்குப் புறப்பட்டார்கள். அதற்குமுன் மாட்டுவண்டிதான். குறித்த நாளில் குறித்த மரத்தடியில் ஜனங்கள் காத்திருந்தார்கள். அந்த ஊழியத்தின் சரித்திரத்தை எழுதும்போது டாக்டரைப்பற்றி எழுதுகிறோம், நோயாளிகளைப்பற்றி எழுதுகிறோம், அந்தக் காரின் டயரில் ஒட்டுப் போட்டவர் யார் என்று எழுதுகிறதில்லை. அவர் ஒட்டுப் போடாமல் விட்டிருந்தால் மரத்தடியில் ஜனங்கள் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

அந்த வாரமே டிரைவர் அண்ணனிடம் போய், "எனக்குப் பேரிங் போடக் கற்றுக்கொடுங்கள்" என்றேன். "உங்களுக்கு எதுக்கு ஐயா, அங்கி அழுக்காயிடும்" என்றார். விடவில்லை. மெக்கானிக் பாயின் பட்டறையிலே ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

உடைந்த ஹப்புக்குள் இருந்த கிரீஸைப் பாய் ஒரு காகிதத்தில் எடுத்துக் காட்டினார். பால் காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்த கிரீஸ் அப்படித்தான் ஆகும். காரணம் சொன்னார். வண்டி ஓடும்போது ஹப் சூடாகிறது. அந்தச் சூட்டோடு குளிர்ந்த ஓடையில் இறங்கினால், உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கி, பழைய சீலின் ஓரமாய்த் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளுகிறது. ஓடையைத் தாண்டுமுன் ஐந்து பத்து நிமிஷம் நிறுத்தி, சூட்டை ஆறவிட்டு இறங்கினாலே பாதி ஆபத்து குறையும். மழைக்காலம் முடிந்ததும் ஹப்பைத் திறந்து, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாய் உலர்த்தி, ஒவ்வொரு உருளையின் இடுக்கிலும் போகும்படி உள்ளங்கையில் கிரீஸை வைத்து அழுத்தி ஏற்றவேண்டும். மேலே பூசினால் போதாது. உருளையில் நீலமோ கறுப்போ பாய்ந்திருந்தால், சிறு குழி விழுந்திருந்தால், அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடவேண்டும். கிண்ணத்தையும் கூடவே மாற்றவேண்டும், புது உருளையைப் பழைய கிண்ணத்தில் ஓடவிடக்கூடாது. சீலைத் திரும்ப உபயோகிக்கவே கூடாது.

நட்டு இறுக்குகிறதில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. பலமாக இறுக்கினால் நல்லது என்று நினைத்தேன். அப்படியல்ல. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, உருளைகள் சரியாக உட்கார்ந்தபின், மறுபடியும் கொஞ்சம் தளர்த்தி, பின் போகும் துவாரத்துக்கு நேரே நிறுத்தி, புது ஸ்பிலிட் பின் போட்டு மடக்கவேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடுகிறவன் ஒரு நாள் அழுவான் என்று பாய் சொன்னார். முடிந்ததும் சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டிப் பார்க்கவேண்டும். டக் டக் என்று ஆடினால் தளர்ச்சி. சுழற்றினால் சுழலாமல் நின்றால் இறுக்கம். இரண்டும் சக்கரத்தைக் கொல்லும். பிறகு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஹப்பைப் புறங்கையால் தொடவேண்டும். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாதபடி சுடக்கூடாது. இப்போது நம்முடைய வண்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்த்து, நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் புறப்படுகிறது. சுட்டால் அங்கேயே நிற்கும். போதகர் சொன்னாலும் நகராது. அந்த விதியைக் கமிட்டியில் முன்மொழிந்தவன் நான்.

மற்றவைகளைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன், பந்தியில் சாப்பாடு ஆறுகிறது.

டிரெய்லரில் பாரம் ஏற்றுவதில் ஒரு கணக்கு உண்டு. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு முன்னால் கொக்கியின்மேல் இறங்கவேண்டும். ஜெனரேட்டரை இறக்குவதற்கு வசதி என்று பின்கோடியில் வைத்தால், வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும், முன்வண்டியையும் சேர்த்து இழுத்துப்போகும். கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலியைக் குறுக்காக மாட்டவேண்டும். கொக்கி விட்டுப்போனாலும் டிரெய்லரின் மூக்கு அந்தச் சங்கிலி ஊஞ்சலில் விழும், சாலையில் குத்தாது. அதன் விளக்குகள் எரியவில்லை என்றால் பல்பை மாற்றுமுன் எர்த் ஒயரைப் பாருங்கள். நம் அனுபவத்தில் பல்புமேல் பழி விழுந்த அநேகம் தடவை குற்றவாளி துருப்பிடித்த எர்த் முனைதான்.

டயரைப்பற்றி ஒரு வார்த்தை. டிரெய்லர் மாதத்தில் சில நாள்தான் ஓடுகிறது. ஆகையால் டயரின் பூ தேயாது, பார்க்கப் புதிதுபோலவே இருக்கும். ஆனால் நிற்கிற டயரும் வெயிலில் கிழடாகிறது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு வருஷத்தையும் குறிக்கும். இந்தத் தடவை பார்த்தபோது நம்முடைய ஸ்டெப்னி டயர் 2011-ல் பிறந்தது என்று தெரிந்தது. நல்ல பூ, பக்கமெல்லாம் வெடிப்பு. ஆபத்துக்கென்று வைத்திருந்ததே ஆபத்தாக இருந்தது.

கூரை ஒழுகுவதைப்பற்றி டிரைவர்களுக்குள் பெரிய வாக்குவாதம் உண்டு. என் கட்சி இது. தண்ணீர் சொட்டுகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு. ஒரு ஸ்க்ரூவின் துவாரத்தில் நுழைந்து, சட்டத்தின் வழியே நாலடி ஓடி, மருந்து அலமாரியின்மேல் சொட்டும். உள்ளே சொட்டுகிற இடத்தில் சிலிக்கோன் அப்புகிறவர் தண்ணீரை உள்ளே பூட்டிவைக்கிறார், பிளைவுட் உளுத்துப்போகிறது. வெளியே ஏறி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, சுத்தமாகத் துடைத்து, அதன்பிறகுதான் புதிதாய்ப் போடவேண்டும். பழைய சிலிக்கோன்மேல் எதுவும் ஒட்டாது, சிலிக்கோன் உட்பட. சும்மா ஒரு டியூப் வாங்கி வைத்துக்கொண்டு எல்லா வியாதிக்கும் பிதுக்குகிற பழக்கம் நம்முடைய வண்டிகளில் செய்திருக்கிற சேதத்தை நான் சொல்லி முடியாது.

பேட்டரி. உள்ளே விளக்குக்கும் தடுப்பூசிப் பெட்டிக்கும் தனிப் பேட்டரி இருக்கிறது. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். ஈயப் பேட்டரியை முழுவதும் வற்றவிட்டால் அது நிரந்தரமாய்ச் சேதமாகும். ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் நிறைவு. 12-க்குக் கீழே போகவிடாமல் சார்ஜ் ஏற்றவேண்டும். முனைகளில் பூக்கிற வெள்ளைப் பொடியை வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு கழுவி, வாசலின் தடவினால் போதும். எல்லாருடைய வீட்டிலும் இருக்கிற சாமான்தான். எலியைப்பற்றி நான் பேசப்போவதில்லை. அது தனிப் பிரசங்கம்.

இப்போது நீங்கள் கேட்கிற ஒரு கேள்விக்கு வருகிறேன். "108 வந்துவிட்டதே, ஐயா. வீடு தேடி அரசாங்கமே மருந்து கொடுக்கிறதே. உங்கள் பழைய வண்டி எதற்கு?" என்று கடிதத்திலும் நேரிலும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2008-ல் நம் மாநிலத்தில் 108 தொடங்கியதற்கும், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதற்கும் நான் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். எத்தனையோ உயிர் பிழைத்திருக்கிறது. அவர்கள் போகிற ஊருக்கு நாம் போகவேண்டியதில்லை என்று சில நிறுத்தங்களை விட்டும்விட்டோம். ஊழியத்தில் விட்டுவிடுவதும் ஒரு கீழ்ப்படிதல். ஆனால் தார் முடிகிற இடத்துக்கு அப்பால் இன்னும் ஆறு ஊர்கள் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அங்கே போகிறதற்குப் புது வண்டி வேண்டுமா என்று கமிட்டியில் நெடுநேரம் பேசினோம். புது வண்டிக்குக் கொடுக்க ஆள் உண்டு. அதையும் நன்றியோடு சொல்லுகிறேன். ஆனால் புது வண்டியும் இரண்டு மழைக்காலத்துக்குப்பின் பழைய வண்டிதான். அதற்குக் கிரீஸ் வைக்கப் பணம் இல்லாவிட்டால், நாம் சிவப்பு எழுத்தில் பெயரெழுதின இன்னொரு டிரெய்லரைத் திருப்பத்தில் சாய்ப்போம்.

2012-ல் பெயர் எழுதப்பட்ட அந்தக் குடும்பத்தைப்பற்றியும் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் நியாயமாகாது. நடந்ததை நான் அவர்களுக்குக் கடிதமாக எழுதினேன். எழுத ஒரு மாதம் ஆயிற்று. பதில் இரண்டே வரி வந்தது. பெயரை அழித்துவிடுங்கள் என்று ஒரு வரி. கூட அனுப்பியிருக்கிற செக் பேரிங்குக்கு என்று இன்னொரு வரி. அதுமுதல் ஒவ்வொரு வருஷமும் ஜனவரியில் அந்தச் செக் வருகிறது. அவர்களும் இன்றைக்கு இங்கே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தேடிப் பார்க்கவேண்டாம்.

வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறோம். நம் தச்சர் செய்தது. மூடியில் துவாரம் இருக்கிறது. அதில் போடுகிற பணத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை, கதவில் எழுத்து இல்லை, இந்தப் பத்திரிகையில் பட்டியலும் வராது. ஆனால் எதற்குச் செலவானது என்று ஒவ்வொரு இதழிலும் அச்சிடுவோம். பேரிங் இத்தனை, சீல் இத்தனை, டயர் இத்தனை என்று. யோவாஸின் நாளில் வேலைக்காரர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று வேதம் சொல்லுகிறது. நம்மிடம் கேளுங்கள். நாங்கள் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை.

பணம் கொடுக்க இயலாதவர்கள் வருத்தப்படவேண்டாம். ஆராதனை முடிந்து சாப்பிட்டபிறகு, டிரெய்லரின் வலதுபக்கச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி வைக்கப்போகிறோம். அதன் ஹப்பை வேண்டுமென்றே இன்னும் மூடவில்லை. நம்முடைய புது டிரைவர் தம்பியும், பின்வரிசை அண்ணனும், பாயும் அங்கே இருப்பார்கள். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு வாருங்கள். பெண்பிள்ளைகளும் வரலாம், நம் நர்ஸ் அக்காமார் இரண்டுபேர் என்னைவிட வேகமாகச் சக்கரம் மாட்டுவார்கள். மண்ணெண்ணெய், துணி, கைகழுவச் சோப்பு எல்லாம் வைத்திருக்கிறோம். வண்டி புதன்கிழமை காலை ஐந்தரைக்குப் புறப்படுகிறது.